கூட யாரு?

செக்கர் அக்காவிடம் எதையும் காட்டி "நல்லா இருக்கா?" என்று கேட்டுவிடக் கூடாது. கேட்டால் சொல்லிவிடுவாள். புதுப் புடவை கட்டிக்கொண்டு போய் நின்றால், "கலரு ஓகே. பார்டர்ல ஒரு எடத்துல நூலு வுட்டுகீது, கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்பாள். பிறந்த குழந்தையைக் கொண்டுபோய்க் காட்டினால், "அப்பன் மூக்கு வரல" என்பாள். அந்த அப்பனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்வாள். எங்கள் ஹவுசிங் போர்டு பிளாக்கில் பாதிப் பேர் ஏதாவது ஒரு சமயத்தில் அவளோடு பேசாமல் இருந்தவர்கள்தான். நானும் இருந்தேன்.

என்னைப் பெண் பார்க்கக் கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பஜ்ஜியெல்லாம் சாப்பிட்டு முடித்த பிறகு மாப்பிள்ளையின் சித்தி, எதிர்வீட்டுக் கதவைத் தட்டிப் பெண் எப்படி என்று விசாரித்திருக்கிறாள். எதிர்வீட்டுக்காரர்கள் என்றால் தங்கமான பொண்ணு என்று சொல்லி அனுப்புவதுதானே வழக்கம். அக்கா சொன்னாளாம்: "நல்ல பொண்ணு, நல்லா படிச்சுகீது. கோவம் வந்தா மட்டும் தட்டு பறக்கும், நீங்க குனிஞ்சுக்கணும்." அந்த இடம் அதோடு போயிற்று. நான் சண்டைக்குப் போனேன்.

"கண்ணால பாத்ததத்தான்மே சொன்னேன்" என்றாள், கொஞ்சமும் அசராமல். "போன வாரம் உங்கூட்டு தட்டு என் வாசல்ல வந்து வுயல? நான்தான எட்த்து குட்த்தேன்."

இப்போது நான் கல்யாணமாகி அம்பத்தூரில் இருக்கிறேன். தட்டு இங்கேயும் பறக்கிறது. அவள் சொன்னது பொய்யில்லை.

அக்காவுக்கு ஒரு பெயர் இருந்தது, யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டோல்கேட் பக்கம் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் செக்கராக இருந்ததால் செக்கர் அக்கா. தைத்து வந்த சட்டைகளை டியூப் லைட் வெளிச்சத்தில் மேஜைமேல் விரிக்க வேண்டும். தையல் பிசகிய இடம், நூல் விட்ட இடம், பொத்தான் கோணிய இடம் பார்த்து அங்கே ஒரு சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். அம்பு ஒட்டிய சட்டை திரும்பிப் போகும். மிச்ச ஸ்டிக்கர்கள் அவள் புறங்கையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடும். பேசிக்கொண்டே ஒன்றை எடுத்து எதிலாவது ஒட்டுவாள். எங்கள் வீட்டு மிக்சி மூடியில் விரிசல் ஆரம்பித்த இடத்தில் ஓர் அம்பு. என் சுடிதார் கழுத்தில் ஒட்டியிருந்ததை ராயபுரத்தில் ஆபீஸ் போய்ச் சேர்ந்த பிறகுதான் பார்த்தேன். எரிச்சலாக வரும். ஆனால் அம்பு காட்டிய இடத்தில் ஒருநாளும் பழுது இல்லாமல் இருந்ததில்லை, அது இன்னும் எரிச்சல்.

தனியாகத்தான் இருந்தாள். அப்பா ஹார்பரில் வேலை பார்த்து இறந்துபோனவர். கல்யாணப் பேச்சைப் பாதிக் கண்ணாடியும் மீதி வாயும் தடுத்துவிட்டதாக என் அம்மா சொல்வாள். அந்தக் கண்ணாடி சின்ன வயசிலேயே போட்டது. அதற்குப் பின்னால் அவள் கண்கள் புளியங்கொட்டை அளவுக்குச் சுருங்கித் தெரியும். செக்கிங் மேஜைக்குப் பக்கத்திலேயே அயர்ன் போடுகிற இடம். நாள் முழுக்க ஆவி அடித்துக் கண்ணாடி மூடிக்கொள்ளும். துப்பட்டா முனையால் துடைத்துத் துடைத்து அந்த முனை மட்டும் நைந்துபோயிருக்கும்.

"மய வந்தா நீங்கல்லாம் மயய பாக்குறீங்க" என்று ஒருநாள் சொன்னாள். "நான் கண்ணாடில ஒய்குற தண்ணியத்தான் பாக்குறேன்."

அதைச் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த ஆசை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஷேர் ஆட்டோ பின்னால் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்து ஒரு கிளினிக்குக்குப் போனாள். லேசர், கொஞ்ச நேர வேலை, வலிக்காது, கண்ணாடியைத் தூக்கிப் போட்டுவிடலாம். அளந்து பார்த்தவர்கள், பவர் அதிகம், கருவிழி கொஞ்சம் மெல்லிசு, பரவாயில்லை செய்துவிடலாம் என்றார்களாம். அந்தப் 'பரவாயில்லை'யை அக்கா என்னிடம் அப்படியே சொன்னாள், ஏதோ பாஸாகிவிட்ட மாதிரி. எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

லேசர் செய்துகொண்ட முதல் சில மாதங்கள் அவளைப் பிடிக்க முடியவில்லை. வேலை விட்டு வந்ததும் மொட்டை மாடிதான். அங்கிருந்து ஹார்பர் கிரேன்கள் தெரியும். "அந்த மூணாவது கிரேன்ல குந்தினு கீறானே, அவன் டீ குடிக்கிறான்" என்பாள். நான் கண்ணை இடுக்கிப் பார்த்தாலும் கிரேனே சரியாகத் தெரியாது. கப்பல்மேல் எழுதியிருக்கிற பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பாள். மழை வந்தபோது குடை இல்லாமல் மாடியில் அண்ணாந்து நின்றாள். என் அம்மா கீழேயிருந்து கத்தினாள். அக்கா இறங்கி வரவில்லை.

பிறகு ஒருநாள், மாடியில் நின்றுகொண்டு, "கிரேன் லைட்டுக்கெல்லாம் ஏன்மே தாடி மொளச்சிகீது?" என்றாள்.

விளக்கிலிருந்து இழை இழையாக வெளிச்சம் தொங்குகிறதாம். கொஞ்ச நாளில் ஒவ்வொரு விளக்கும் இடுப்பில் ஒரு குழந்தையைத் தூக்கிவைத்திருந்தது. இதுவும் அவள் சொன்னதுதான். அப்புறம் எல்லாமே அப்படி ஆயிற்று. குழாய்க்குப் பக்கத்தில் இன்னொரு குழாய், மங்கலாக. ஒரு கண்ணை மூடினாலும் போகவில்லை. கிளினிக்கில், கண் வறட்சி, சொட்டு மருந்து போடுங்கள், போகப்போகச் சரியாகும் என்றார்கள். அவள் போட்டுக்கொண்டே இருந்தாள்.

கம்பெனியில் ஒரு லாட் சட்டை முழுக்க அம்பு ஒட்டிவிட்டாள். காலரில் ஒற்றைத் தையல் ஓட வேண்டிய இடத்தில் இரட்டைத் தையல் ஓடியிருப்பதாக. சூப்பர்வைசர் வந்து பார்த்துவிட்டு, "ஒத்த தையல்தான்கா ஓடிகீது" என்றான். அக்கா நகத்தால் தடவிப் பார்த்தாளாம். விரலுக்கு ஒன்று, கண்ணுக்கு இரண்டு. பக்கத்து மேஜைப் பெண்கள், "வாய மூடிகினு இரு, பயகிடும்" என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் கேட்பாளா? நேரே மேனேஜர் ரூமுக்குப் போய், "எனக்கு ரெண்டு தெரியுது சார், என்ன டேபிள்லேர்ந்து எட்த்துடுங்க" என்று தன்மேலேயே அம்பை ஒட்டிக்கொண்டு வந்தாள். அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டுகிற இடத்தில் போட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் கதவைத் திறக்கவில்லை.

"கூட யாரு?" என்று கேட்கிற பழக்கம் அப்போதுதான் வந்தது.

யார் வாசலில் போய் நின்றாலும் அவளுக்கு இரண்டு பேராகத் தெரிந்தது. இரண்டில் ஒன்று கண் செய்கிற வேலை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் நிஜமாகவே இரண்டு பேர் வந்திருந்தால்? வந்தவரை வாங்க என்று சொல்லாமல் விட்டால் மரியாதையில்லையே. அதனால் எல்லோரையும் கேட்பாள். "வாமே. கூட யாரு?" யாரும் இல்லை என்றால், "சரி" என்று ஒரு டம்ளரைத் திரும்ப உள்ளே வைப்பாள். எனக்குத் தெரிந்து அவள் எப்போதும் ஒன்று கூடுதலாகவே எடுத்துவைத்தாள். எனக்குக் கோபமாக வரும். சாயங்காலம் தனியாகப் படியேறி வருகிறவளைப் பார்த்துக் கூட யாரு என்று கேட்டால் முதுகு சில்லென்று ஆகாதா? வேண்டுமென்றே திரும்பிப் பார்க்காமல் நிற்பேன். சில நாள் பார்த்தும் விடுவேன்.

முதல் மாடியில் ஸ்டெல்லா ஆன்ட்டி இருந்தாள். ஸ்கூலில் ஆயா வேலை. ஒரே பையன், ரூபன். திருவொற்றியூரில் கன்டெய்னர் யார்டுக்கு வேலைக்குப் போனவன், எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் பைக்கோடு ஒரு டிரெய்லருக்கு அடியில் போய்விட்டான். பிளாக் வாசலில் கூலிங் கிளாஸ் போட்ட அவன் படத்தைப் பேனர் அடித்துக் கட்டியிருந்தார்கள். ஸ்டெல்லா ஆன்ட்டி தலை வாரவில்லை, வேலைக்குப் போகவில்லை, வாயில் கொண்டுபோய் ஊட்டினால் இரண்டு வாய் சாப்பிட்டாள். அவளும் போய்விடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

ரூபனுக்கு மாசப் பூசை முடிந்த மறுநாள், அக்காவிடம் வாங்கிப்போன குண்டானைத் திருப்பிக் கொடுக்க ஸ்டெல்லா ஆன்ட்டி மேலே வந்தாள். நான் அக்கா வீட்டில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். வாசலுக்கு வெளியே காரிடார், அதற்கு அப்பால் சாயங்கால வெளிச்சம்.

"வாங்க ஸ்டெல்லாக்கா" என்றாள் அக்கா. "கூட யாரு?"

ஸ்டெல்லா ஆன்ட்டி திரும்பிப் பார்த்தாள். காரிடாரில் யாருமில்லை.

"என் கூடவா?"

"ஆமா. உன் தோளுக்கு மேல. ஒசரமா."

குண்டான் கைநழுவிக் கீழே விழுந்து மாடிப்படி வரைக்கும் உருண்டு போனது. ஸ்டெல்லா ஆன்ட்டி அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. "எவ்ளோ ஒசரம்?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா கையைத் தூக்கிக் காட்டிவிட்டாள். ரூபன் ஆறடி இருப்பான். எந்த வீட்டுக்குள் வந்தாலும் நிலையில் இடிக்காமல் குனிந்து வருவான்.

நான் கத்திய பிறகுதான் அக்காவுக்கு என்ன நடந்தது என்று புரிந்தது. பதறிப்போனாள். "ஐயோ ஸ்டெல்லாக்கா, அது என் கண்ணுக் கோளாறு. எனக்கு அல்லாமே ரெண்டாத்தான் தெரியுது. கொயாயும் ரெண்டு, தோ இவளும் ரெண்டு."

"இவ பக்கத்துல கீறது ஒசரமா கீதா?"

அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. சட்டையில் பிசிறு தேடுகிற மாதிரி என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"இல்ல" என்றாள். "இவ அளவுதான். கொஞ்சம் தள்ளி."

இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆமாம், எல்லோருக்கும் ஒசரமாத்தான் தெரியுது என்று ஒரு வார்த்தை. அவளால் முடியவில்லை.

மறுநாளே பிளாக் முழுக்கத் தெரிந்துவிட்டது. நான்கைந்து பேர் வந்து நின்றார்கள். கீழ்வீட்டு முனுசாமி தாத்தா தூரத்திலேயே நின்றுகொண்டு, "என் பொண்டாட்டி கீறாளா பாரு" என்றார்.

"ரெண்டா தெரியுது தாத்தா. எல்லாருக்கும் அப்டித்தான்."

"மூஞ்சி எப்டி கீது? கோவமாவா?"

"உன் மூஞ்சிதான் தாத்தா அதுவும்."

"அப்ப சரி" என்று நிம்மதியாக இறங்கிப் போனார். மற்றவர்களும் இது கண் நோய்தான் என்று சலித்து விட்டுவிட்டார்கள். ஸ்டெல்லா ஆன்ட்டி விடவில்லை. தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு மேலே வருவாள். உள்ளே வரமாட்டாள். காரிடாரில் அதே இடத்தில் நிற்பாள்.

"கீறானா?"

"ரெண்டாத்தான் தெரியுது ஸ்டெல்லாக்கா."

"ஒசரமா?"

"ஒசரமாத்தான்."

"சரி" என்று போய்விடுவாள். அவ்வளவுதான். ஆனால் அவள் தலை வார ஆரம்பித்தாள். வேலைக்குப் போனாள். இரண்டு பேர் அளவுக்கு மீன் வாங்கி வந்து குழம்பு வைத்தாள். பிளாக்கே அவளைப் பார்த்து ஆச்சரியப்பட்டது. 

அக்காவின் கண் இன்னும் மோசமாகிக்கொண்டிருந்தது. பஸ் நம்பர் தெரியவில்லை, அரிசியில் கல் தெரியவில்லை. நான்தான் பிடிவாதமாக அவளைப் பெரிய கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே ஒரு சின்ன வயசு டாக்டர் அம்மா பொறுமையாகச் சொன்னார். லேசரில் செதுக்கிய பிறகு மிச்சம் இருக்கிற கருவிழி ரொம்ப மெல்லிசு. உள்ளேயிருக்கிற அழுத்தம் தாங்காமல் கூம்பு மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டு வருகிறது. இடது கண் ரொம்பத் தள்ளிவிட்டது. மருந்து விட்டு ஒருவித வெளிச்சம் காட்டிக் கருவிழியைக் கெட்டியாக்க வேண்டும், சீக்கிரம். அப்புறம் பெரிதாக ஒரு கெட்டி லென்ஸ். தள்ளிப்போட்டால் இரண்டு கண்ணும் குறைபார்வைதான், கண்ணாடியாலும் திருத்த முடியாது.

"அந்த லென்ஸ் போட்டா, ரெண்டா தெரியறது போயிடுமா?" என்று அக்கா கேட்டாள்.

"போயிடும்மா" என்றார் டாக்டர் சந்தோஷமாக.

 பஸ் ராயபுரம் பாலம் ஏறும்போது அக்கா, "போயிடுமாம்மே" என்றாள், யாரோ செத்துப்போன செய்தியைச் சொல்வது போல.

ஸ்டெல்லா ஆன்ட்டியிடமும் அவளே போய்ச் சொல்லிவிட்டாள். மறைக்கத் தெரிந்தால்தானே. அன்றைக்கு ஸ்டெல்லா ஆன்ட்டி அவள் காலைப் பிடித்துக்கொண்டு, "வாணாம்மா, கொஞ்ச நாள் போவட்டும்" என்று அழுதாள். அக்கா ஆஸ்பத்திரியில் கொடுத்த நாளுக்குப் போகவில்லை. அடுத்து கொடுத்த நாளுக்கும் போகவில்லை. எனக்கு ரத்தம் கொதித்தது. மாடிப்படியில் ஸ்டெல்லா ஆன்ட்டியை மறித்தேன்.

"ஆன்ட்டி, உங்களால அக்காவுக்குக் கண்ணு போவப் போவுது. தெரியுதா உங்களுக்கு?"

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். நிதானமாகப் பதில் சொன்னாள். "கண்ணு போனா அது கோலு புடிச்சுகினு நடக்கும். நான் இட்டுனு போறேன், கடசி வரைக்கும் சோறு போடுறேன். எனக்கு புள்ள போனா இன்னாத்த புடிச்சுகினு நான் நடக்குறது?"

 நான் வழியை விட்டுவிட்டேன்.

அக்காவிடம் போய் அதையும் சேர்த்துக் கத்தினேன். உனக்கென்ன பைத்தியமா, அவள்தான் புத்தி பிசகிப் போயிருக்கிறாள், உனக்குமா, அது வெறும் வெளிச்சம், உன் கண்ணுக்குள்ளே ஒடிந்து விழுகிற வெளிச்சம். டாக்டர் சொன்னதைக் கேட்கவில்லையா, வெளிச்சத்தைப் பொறுத்து மேலேயும் தெரியலாம், பக்கத்திலேயும் தெரியலாம்.

துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மொட்டை மாடியில் நல்ல வெயில். எண்ணூர் அனல்மின் நிலையத்திலிருந்து வருகிற சாம்பல் ஈரத் துணியில் படியாமல் இருக்க உதறி உதறிப் போட்டாள்.

"தெரியும்மே" என்றாள். "எல்லாருக்கும் அது வெளிச்சம்தான். நீ கையத் தூக்குனா அதுவும் கூடவே தூக்குது. நீ நவுந்தா அதுவும் நவுருது. ஸ்டெல்லாக்காவுக்கு அப்டி இல்ல."

"அப்டின்னா?"

"ஸ்டெல்லாக்கா நவுந்த பெறவு, கொஞ்சம் பொறுத்துதான் அது நவுருது."

நான் சிரிக்கப் பார்த்தேன். முடியவில்லை. வேறு யார் சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பேன். கூட்டியோ குறைத்தோ ஒரு வார்த்தை பேசாதவள் அல்லவா சொல்கிறாள்.

அதற்குப் பிறகு நானும் கவனிக்க ஆரம்பித்தேன். எனக்கு ஒன்றும் தெரியாது, நான் பார்த்ததெல்லாம் அக்காவைத்தான். ஸ்டெல்லா ஆன்ட்டி கேட்டுவிட்டு இறங்கிப் போவாள். அவள் செருப்புச் சத்தம் படியில் முழுக்க இறங்கிவிடும். அதுவரைக்கும் காரிடாரைப் பார்த்துக்கொண்டு கதவைப் பிடித்தபடியே நிற்பாள் அக்கா. அப்புறம் லேசாக ஓரம் ஒதுங்குவாள், கூட்டத்தில் யாருக்கோ வழி விடுகிற மாதிரி. அதற்குப் பிறகுதான் சாத்துவாள்.

"ஏன்கா நின்னுனு இருக்க?"

"சொம்மாதான்" என்றாள். அவள் வாயிலிருந்து 'சும்மா' என்ற வார்த்தையை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

ஒருநாள் காலையில் அவள் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். இடது கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தாள். கையை எடுத்தபோது என் அம்மா ஐயோ என்று உட்கார்ந்துவிட்டாள். கருவிழி முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது, வேகவைத்த மீனின் கண் மாதிரி. மெல்லிசான இடம் கிழிந்து உள்ளே தண்ணீர் ஏறிவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். வலி குறைந்த பிறகும் தழும்பு போகாது, அந்தக் கண்ணுக்கு இனி கை ஆடுவதுதான் தெரியும். மிச்சம் இருந்த வலது கண்ணையாவது காப்பாற்றலாம் என்று டாக்டர் அம்மா கொஞ்சம் கோபமாகவே சொன்னார். நான் அக்காவைக் கேட்கவே இல்லை. நான்தான் தலையாட்டினேன்.

வலது கண்ணைக் கெட்டியாக்கினார்கள். ஆறுகிற வரைக்கும் அவள் இருட்டறையில் படுத்திருந்தாள். ஸ்டெல்லா ஆன்ட்டி அந்த நாட்களில் மேலே வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கஞ்சி கொண்டுவந்து வைத்தாள், அக்காவின் துணியைத் துவைத்துப் போட்டாள், போகும்போது காரிடாரில் அதே இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். அந்தப் பெண்மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. பாவம் என்று மட்டும்தான் தோன்றியது.

லென்ஸ் வந்தது. ரூபாய் நாணயம் அளவுக்குப் பெரிசு. அதில் சொட்டுத் தண்ணீர் நிரப்பிக் கண்ணில் கவிழ்த்துப் பொருத்த வேண்டும். முழு நாளும் தாங்காது, சில மணி நேரம்தான், மீதிப் பொழுதெல்லாம் மங்கல். இப்போதும் அப்படித்தான் இருக்கிறாள். போனை மூக்கில் இடிக்கிற அளவுக்குப் பிடித்து என் நம்பரைத் தேடிக் கூப்பிடுவாள். ஆனால் முதல்முதலாக அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்றைக்கு அவளைப் பார்த்திருக்க வேண்டும். குழாயைப் போய்ப் பார்த்தாள். "ஒண்ணுதான்." என்னைப் பார்த்தாள். "நீயும் ஒண்ணுதான்மே, பேஜாரு வுட்டுது." காரிடாரில் விளையாடிய பிள்ளைகளை விரலால் எண்ணினாள். முனுசாமி தாத்தா தண்ணி பிடிக்க வந்தார், அவரும் ஒருவர்தான். கிரேன் விளக்குகளின் தாடியெல்லாம் உதிர்ந்துவிட்டது.  எத்தனையோ நாளுக்குப் பிறகு அக்கா ஒழுங்காக ஒரே ஒரு டம்ளர் டீயை எனக்குக் கொண்டுவந்து வைத்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஸ்டெல்லா ஆன்ட்டி வந்தாள். தலை வாரி, ஸ்கூலுக்குக் கட்டுகிற நல்ல புடவையைக் கட்டியிருந்தாள். காரிடாரில் தன் இடத்தில் நின்றாள். லென்ஸ் போட்டாயிற்று என்று அவளுக்குத் தெரியும். கேட்காமல் போய்விடுவாள் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

"கீறானா?"

அக்கா பார்த்தாள். நல்ல கண்ணால், நிதானமாக, மேஜையில் விரித்த துணியைப் பார்க்கிற மாதிரி, அவளையும் அவளைச் சுற்றியும் பார்த்தாள்.

"இல்ல ஸ்டெல்லாக்கா. நீ மட்டும்தான்."

"நல்லா பாத்தியா?"

"நல்லா பாத்தேன். யாரும் இல்ல. நீ வூட்டுக்குப் போ. இனிமே வராத."

ஸ்டெல்லா ஆன்ட்டி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். இரண்டு தடவை தலையாட்டினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள். முதல் மாடியில் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது, அதற்குப் பிறகு அவள் அழுகிற சத்தம். மகன் செத்த அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை.

எனக்குத் தாங்கவில்லை. இந்தக் கண்ணுக்காக அவளோடு சண்டை போட்டவளும் நான்தான், ஆனாலும் தாங்கவில்லை. டம்ளரைத் தரையில் இடித்து வைத்தேன், டீ சிதறியது.

"நீயெல்லாம் மனுஷிதானா? ஒரு வார்த்தை. இருக்கான்னு சொன்னா உன் நாக்கு அழுகிடுமா? பொறந்ததுலேர்ந்து ஒரு பொய் சொன்னதில்லன்னு உனக்கு மெடலா குடுக்கப் போறாங்க?"

அக்கா கதவைச் சாத்தாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பொய்தான்மே சொன்னேன்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது.  காரிடாரில் குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது, வேறொன்றும் இல்லை. என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை.

"ஸ்டெல்லாக்கா தெனம் இட்டுனு வந்து நிக்க வெச்சுகினு கீது" என்றாள் அக்கா, அந்த வெறும் இடத்தைப் பார்த்தபடியே. "புள்ள எவ்ளோ நாள்தான்மே நிக்கும். காலு வலிக்காது?"  பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்.

"இப்பதான் குந்துனான்."